பீரோக் கதவு வைத்த பசுமைக்குடில்

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். வீட்டிலும் அதையே தொடர்ந்தார் என்பதுதான் என் பிரச்சினை. பள்ளிக்கூடத்தில் ஒரு சோதனை தோற்றால் மணி அடித்ததும் பிள்ளைகள் எழுந்து போய்விடலாம். எனக்கு அந்த வசதி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பழைய லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கையில் குறடோடு பின்பக்கம் போனால், வீட்டில் ஏதோ ஒரு சாமான் தன் பழைய வேலையை விட்டுப் புது வேலையில் சேரப்போகிறது என்று அர்த்தம்.

அப்படி வேலை மாறியவை பல. ஸ்கூட்டர் டயர் கீரைப் பாத்தி ஆனது. கைப்பிடி உடைந்த குக்கர் ரோஜாத் தொட்டி ஆனது. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த சிநேகிதரிடம் காலி குளுக்கோஸ் பாட்டில்களைக் கேட்டு வாங்கி வந்தார். அவற்றைக் கம்பியில் வரிசையாகத் தலைகீழாகத் தொங்கவிட்டு, ஒவ்வொரு கத்தரிச் செடிக்கும் ஒரு டியூப் இறக்கினார். சொட்டு நீர்ப் பாசனமாம். பார்க்க வந்தவர்கள் எல்லாம் பழக்கதோஷத்தில் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். பக்கத்து வீட்டம்மா என் காதருகே வந்து, எந்தச் செடி ரொம்ப சீரியஸ் என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

இத்தனையும் நான் பொறுத்துக்கொண்டதற்கு ஒரே காரணம், பின்பக்கத்தில் ஒரு இடத்தை மட்டும் அவர் தொட்டதில்லை. கிணற்றடிக்கும் வேலிக்கும் நடுவே ஒரு சிமெண்ட் தளம் இருந்தது. எங்களுடையது சிமெண்ட் ஷீட் போட்ட வீடு, மொட்டைமாடி கிடையாது. அதனால் வீடு கட்டும்போதே வடகம் காயப்போட வேண்டும் என்று சண்டை போட்டு நான் வாங்கிய தளம் அது. மாசி பிறந்தால் சித்திரை முடியும்வரை அங்கே என் ஆட்சிதான். பழைய வேட்டியில் ஊற்றிய அரிசி வடகம், மோர்மிளகாய், செட்டிகுளத்துச் சின்ன வெங்காயத்தில் உருட்டிய தாளிப்பு வடகம் எல்லாம் அங்கேதான் காயும். காக்காயை விரட்ட ஒரு கையில் குச்சியும், படிக்க மடியில் வாரப் பத்திரிகையுமாக எட்டி நின்ற வேப்பமர நிழலில் நான் உட்கார்ந்திருப்பேன். வருஷத்தில் எனக்கென்று இருந்த நல்ல காலம் அதுதான்.

எங்கள் ஒரே பெண்ணை அரியலூரில் கட்டிக் கொடுத்தோம். சரியாக அந்த வருஷம்தான் அரியலூரை எங்கள் பெரம்பலூரிலிருந்து பிரித்துத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். கூப்பிடு தூரத்தில் கொடுக்கிறோம் என்று நினைத்த பெண் வேறு மாவட்டத்துக்காரி ஆகிவிட்டாளே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம். அரசாங்கத்துக்கே அது பொறுக்காமலோ என்னவோ, மறு வருஷமே இரண்டையும் திரும்ப ஒன்றாக்கினார்கள். பிறகு மறுபடியும் பிரித்தது வேறு விஷயம்.

பெண்ணைக் கொடுத்த வீட்டுக்குச் சித்திரையில் ஒரு பெரிய டின் நிறைய வடகம் அனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். சீர் வரிசைக் கணக்கில் அது வராது. ஆனால் நகையையும் பாத்திரத்தையும் ஒரு தரம் பார்த்து உள்ளே வைத்துவிடுவார்கள், வடகத்தை வருஷம் முழுக்கப் பொரித்துப் பொரித்துப் பேசுவார்கள். சம்பந்தியம்மாள் வீடு சிமெண்ட் ஃபேக்டரிக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் போகிற ரோட்டின் மேல் இருந்தது. காலையில் துவைத்துப் போட்ட வெள்ளை வேட்டி சாயந்திரம் சாம்பல் வேட்டியாக உள்ளே வரும். அங்கே வடகம் போட முடியாது. ஆகவே என் டின்னை அவர்கள் ஆவலாகவே எதிர்பார்த்தார்கள்.

முதல் வருஷத்து டின்னில் மண் விழுந்துவிட்டது. ஈரம் உலர்வதற்கு முன்னால் ஒரு சூறைக்காற்று அடித்தது. வேலிக்கு அந்தப் பக்கத்துப் புழுதி பூராவும் வேட்டியில் வந்து படிந்தது. தட்டித் தட்டி எடுத்தேன், போதவில்லை. அவர்கள் வீட்டில் விருந்தாளிகள் சாப்பிட்டபோது என் பெண் அந்த வடகத்தைப் பொரித்துப் பரிமாறியிருக்கிறாள். ஒருத்தர் கடித்ததும் நறுக்கென்று சத்தம் கேட்டிருக்கிறது. அப்போது சம்பந்தியம்மாள் பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னாளாம்:

"எங்க ஊர்ல கல்ல வெட்டி ஃபேக்டரிக்குத்தான் அனுப்புவோம். பெரம்பலூர்ல வடகத்துல போட்டு அனுப்புவாங்க போல."

சொன்னது நல்ல நகைச்சுவை என்பதை இன்றைக்கு என்னால் ஒத்துக்கொள்ள முடிகிறது. பந்தியில் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். வடகத் தட்டோடு என் பெண் மட்டும் நடுவில் நின்றிருக்கிறாள். இதைப் போனில் என்னிடம் சொன்னபோது அவள் அழவில்லை. கடைசியாக ஒன்று மட்டும் சொன்னாள்.

"அம்மா, அடுத்த வருஷம் வடகம் அனுப்பாதம்மா."

அனுப்பாமல் விட எனக்கு மனசில்லை. அடுத்த சித்திரையில் ஒரு தூசி இல்லாத வடகம் அந்த வீட்டுப் பந்தியில் விழ வேண்டும். என் பெண் அதே தட்டைத் தூக்கிக்கொண்டு தலை நிமிர்ந்து நடக்க வேண்டும். அந்த வருஷம் முழுக்க என் மனசில் இருந்தது அது ஒன்றுதான்.

அவர் மனசில் இருந்தது வேறு. தை மாதம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஊட்டிக்குச் சுற்றுலா அழைத்துப் போனார். அங்கே கண்ணாடி வீட்டுக்குள் பூச்செடிகளைப் பார்த்துவிட்டு, ஒரு சால்வையும் விதைப் பாக்கெட்டுகளுமாகத் திரும்பி வந்தார். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், குடமிளகாய் விதைகள். சால்வை எனக்கு. பெரம்பலூரில் சால்வையை எதற்குப் போர்த்துவது என்று அவரும் யோசிக்கவில்லை, முட்டைக்கோஸை எங்கே வளர்ப்பது என்று நானும் அப்போது யோசிக்கவில்லை.

அவர் ஆசைக்கு உரம் போட்டவர் பக்கத்துத் தெரு பாய். லப்பைக்குடிக்காட்டுக்காரர், ரொம்பக் காலம் சவுதியில் இருந்துவிட்டு வந்து எங்கள் ஊரில் வீடு கட்டியவர். நல்ல மனுஷர், நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் வேலை பார்த்த கம்பெனிக்குப் பாலைவனத்தில் வெள்ளரித் தோட்டம் இருந்ததாம். வெளியே மணலில் முட்டையை வைத்தால் வெந்துவிடும், கூடாரத்துக்குள் மாஷா அல்லா பச்சைப் பசேலென்று காய் தொங்கும் என்று அவர் சொல்லச் சொல்ல இவர் கண் விரிந்தது. பாலைவனத்திலேயே விளையும்போது பெரம்பலூரில் விளையாதா என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒன்பதாம் வகுப்பில் பசுமைக்குடில் பாடத்தைக் கலர் சாக்பீஸால் வருஷா வருஷம் படம் போட்டு நடத்துகிறவர் இவர். உள்ளே போன வெயில் வெளியே வராது என்று அம்புக்குறியெல்லாம் போடுவார். அதையே நான் கேட்டேன்.

"ஏங்க, வெயில உள்ள அடைச்சு வைக்கிறது குளிர்ற ஊருக்குச் சரி. நம்மூர்ல வெயிலுக்கு என்னங்க பஞ்சம்?"

எனக்கு சயின்ஸ் தெரியாது என்று பதில் வந்தது. குடில் எங்கே வரப்போகிறது என்று அடுத்துக் கேட்டேன். தரை மட்டமாக இருக்க வேண்டும், மர நிழல் விழக்கூடாது, கிணறு பக்கத்தில் இருக்க வேண்டும் என்று இலக்கணம் சொன்னார். அந்த இலக்கணத்துக்குப் பொருந்துகிற இடம் எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது என்பதை நான் புரிந்துகொண்டபோது, என் தளத்தின் நான்கு மூலையிலும் சவுக்குக் கழி நின்றுகொண்டிருந்தது.

சண்டை போட்டேன். பேச்சை நிறுத்தினேன். குழம்பில் உப்பை விட்டுவிட்டுக்கூடப் பார்த்தேன், ஆராய்ச்சி மும்முரத்தில் அவர் அதைக் கவனிக்கவில்லை. திருச்சியிலிருந்து பாலிதீன் ஷீட் வந்தது. பஞ்சர் கடையில் வாங்கிய சைக்கிள் டியூபைப் பட்டை பட்டையாக வெட்டிக் கழிகளை இறுக்கிக் கட்டினார்கள். பாய் அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொண்டு, அங்கே இன்னும் உயரமாக இருக்கும் சார், அங்கே முனை வளைந்து வரும் சார் என்று சவுதியை ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தார். கதவுக்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. துருப்பிடித்து மூலையில் கிடந்த எங்கள் கல்யாணத்து பீரோவின் கதவைக் கழற்றி மாட்டிவிட்டார்கள். ஆளுயரக் கண்ணாடியும் கைப்பிடியும் பூட்டும் உள்ள பசுமைக்குடில் இந்தத் தேசத்தில் எங்கள் வீட்டில் மட்டும்தான் இருந்திருக்கும். தெருப் பெண்கள் வேடிக்கை பார்க்க வந்து, பொட்டைச் சரிசெய்துகொண்டு போனார்கள். கத்தரிச் செடிகளின் குளுக்கோஸ் பாட்டில்கள் கம்பியோடு குடிலுக்குள் குடியேறின. சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது.

தொட்டிகளில் நாற்றுகள் முளைத்தன, அதை மறைக்கக் கூடாது. மாசி முடிகிறவரை முட்டைக்கோஸ் இரண்டு இலை, மூன்று இலை என்று விட்டது. ஒவ்வொரு இலைக்கும் பாய் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பப்பட்டது. பங்குனி வெயில் தன் வேலையை ஆரம்பித்தது. மதியம் கதவைத் திறந்தால் முகத்தில் ஆவி அடித்தது. பின்பக்கம் போனாலே முட்டைக்கோஸ் பொரியல் வாசனை வந்தது, தாளிக்காததுதான் பாக்கி. காலிஃபிளவர் தலை சாய்ந்தது, குடமிளகாய் சுருண்டது. அவர் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்துப் பார்த்தார். அதனால் இட்லிப் பானைக்கு ஆவி கூடியதுதான் மிச்சம்.

ஒரு சாயந்திரம் அவர் வாடிய நாற்று ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, சவுதியில் உள்ளே என்னதான் செய்திருந்தார்கள் என்று பாய் அண்ணனிடம் நேரடியாகக் கேட்டார். அண்ணன் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"உள்ள நான் எங்க சார் போனேன்? நான் டிரைவராச்சே. வண்டி வாசல்ல நிக்கும், பெட்டிய ஏத்திவுடுவாங்க. நான் ஏசிய போட்டுக்கிட்டு வண்டியிலயே ஒக்காந்திருப்பேன்."

இன்னும் சவுதியிலேயே இருந்த தன் மச்சானுக்குப் போன் போட்டு அண்ணன் விசாரித்தார். கூடாரத்தின் ஒரு பக்கம் முழுக்க ஈரத் தட்டி இருக்குமாம், எதிர்ப்பக்கம் ஆளுயர ஃபேன்கள் ராப்பகலாக ஓடுமாம். நாங்கள் கட்டியிருந்தது சவுதிக் கூடாரத்தை ரோட்டில் நின்று பார்த்தால் எப்படித் தெரியுமோ, அது. சிரிப்பு வந்தது, ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். அன்றிலிருந்து அவர் குடிலைப் பற்றிப் பேசவில்லை. செத்த நாற்றுகளைத் தூக்கியும் போடவில்லை. காலையில் கதவைத் திறந்து பார்ப்பார், பூட்டுவார், சாவியைப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவார். பிரிக்கச் சொல்லிக் கேட்க எனக்கே வாய் வரவில்லை.

சித்திரை பிறந்துவிட்டது. டின் காலியாக இருந்தது. நான் வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டு, அதன் மேல் வேட்டியை விரித்து வடகம் ஊற்றினேன். வாசலில் ரோட்டுப் புழுதி. முதல் தடவை ஊற்றியதைக் கடித்துப் பார்த்தேன், நறுக் என்றது. அதைப் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டேன். திரும்ப அரிசி ஊறவைத்து, அரைத்து, கூழ் காய்ச்சி, ஒரு விடுமுறை நாள் விடியற்காலையில் இரண்டு கட்டில் நிறைய ஊற்றினேன். மேலே கொசுவலையைப் போர்த்தினேன். மதியத்துக்குள் பாதிதான் உலர்ந்தது. அப்போது வேப்பந்தட்டைப் பக்கம் மலைக்கு மேல் இருட்டிக்கொண்டு வந்தது. புழுதியோடு காற்றும் கிளம்பியது.

வீட்டுக்குள் பரப்ப இடமில்லை. வேட்டியைச் சுருட்டினால் வடகம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கூழாகிவிடும். நான் கட்டிலின் ஒரு தலைமாட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். அவர் ஓடிவந்து மறுபக்கத்தைப் பிடித்தார். இரண்டு பேரும் கட்டிலோடு பின்பக்கம் ஓடினோம். பீரோக் கண்ணாடியில் பார்த்தேன், பாடை தூக்குகிற மாதிரிதான் இருந்தது. குடிலின் முன்னால் கட்டிலை இறக்கிவிட்டுச் சாவியை எடுத்தார், ஆனால் உடனே திறக்கவில்லை. உள்ளே வரிசையாக அவருடைய செத்துப்போன முட்டைக்கோஸ் இருந்தது. அதை எடுத்தால்தான் கட்டில் போகும். எடுத்தால் எல்லாம் முடிந்தது என்று ஒத்துக்கொண்டதாகிவிடும்.

"பொண்ணு நிப்பாளேங்க, தட்டோட" என்றேன்.

அவர் பூட்டைத் திறந்தார். உள்ளே போய் ஒவ்வொரு தொட்டியாகத் தூக்கி வெளியே போட்டார். குளுக்கோஸ் பாட்டில்களைக் கம்பியோடு அறுத்து எறிந்தார். இரண்டு கட்டிலும் உள்ளே போன பிறகு மழை கொட்டியது. நாங்கள் உள்ளேயே நின்றோம். ஷீட்டின் மேல் அடித்த சத்தத்தில் எதுவும் காதில் விழவில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்று வைத்துக்கொண்டேன், அந்த இடத்தில் வியர்வையும்தான் கொட்டியது.

கோடை மழை வந்த வேகத்தில் போனது. வெயில் திரும்பவும் சுள்ளென்று அடித்தது. அப்போது ஒரு புதுச் சங்கடம் வந்தது. வடகத்திலிருந்து கிளம்பிய ஆவி மேலே ஷீட்டில் முத்து முத்தாகக் கோத்து, திரும்ப வடகத்தின் மேலேயே சொட்ட ஆரம்பித்தது. நான் தலையில் கையை வைத்தேன். அவர் மட்டும் அண்ணாந்து பார்த்தபடி நின்றார், கரும்பலகைக்கு முன்னால் நிற்கிற முகம் திரும்பி வந்திருந்தது. ஏணியைக் கொண்டுவந்து உச்சியில் இரண்டு பக்கமும் ஷீட்டை அறுத்து ஜன்னல் திறந்தார். கீழே தரையோரம் ஒரு சாண் மடித்துவிட்டார். இரண்டு வழிக்கும் கொசுவலையைக் கிழித்துக் கட்டினார். சூடு மேலே போகும், காய்ந்த காற்று கீழே வரும் என்று எனக்குப் பாடமும் நடத்தினார். சொட்டுவது நின்றது. மறுநாள் மதியம் வடகத்தைத் தொட்டேன், கலகலவென்று உதிர்ந்தது. கடித்தேன். மண் இல்லை. காக்காய் கொத்திய அடையாளம் இல்லை. வெள்ளை வெளேரென்று இருந்தது. முட்டைக்கோஸை வேக வைத்த அதே வெயில்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சலும் சிரிப்பும் ஒன்றாக வருகிறது. தெருவே எங்கள் பின்பக்கத்தில் கூடியது. ஆளுக்கொரு முறத்தில் மிளகாயோடு வந்தார்கள். இது எப்படித் தோன்றியது சார் என்று கேட்டவர்களிடம், முதலிலிருந்தே தன் திட்டம் இதுதான் என்றும், முட்டைக்கோஸ் வெறும் சோதனை ஓட்டம் என்றும் சொன்னார். பாய் அண்ணன் பக்கத்தில் நின்று, சவுதியில்கூட இப்படி இல்லை என்று சாட்சி சொன்னார். அரைத்தவள், காய்ச்சியவள், ஊற்றியவள் யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்கு லாபம் ஒன்றுதான். பீரோச் சாவி அவர் பையிலிருந்து என் இடுப்புக்கு வந்தது.

டின்னை அவரே பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த வாரம் பெண் போன் செய்தாள். அன்றைக்கும் பந்திதான், அதே தட்டுதான். சம்பந்தியம்மாள் ஒன்றை எடுத்துக் கடித்து மென்றாளாம், எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்களாம். மென்று முடித்ததும் இன்னொன்றை எடுத்தாளாம். பிறகு மூன்றாவது. அதைச் சொல்லும்போதுதான் என் பெண் அழுதாள். நானும் அழுதேன், வெட்கமில்லாமல்.

சம்பந்தியம்மாள் கேட்டது ஒரே கேள்விதானாம்: இது எப்படிக் காய்ந்தது? பதில் சொல்ல என் வீட்டுக்காரரே போனார். சம்பந்தி வீட்டில் கை நனைப்பதற்குக்கூடக் கூச்சப்படுகிற மனுஷர், அங்கேயே தங்கி அவர்கள் மாடியில் ஒரு குடில் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். லாரிப் புழுதிக்காகக் கொசுவலையை மூன்று மடிப்பாகப் போட்டாராம். பெண் கழியைப் பிடித்துக்கொண்டாளாம், சம்பந்தியம்மாள் டியூப் பட்டையை எடுத்து எடுத்துக் கொடுத்தாளாம். அங்கே கதவு ஒழுங்கான தகரக் கதவு. பீரோ கிடைக்கவில்லை என்று வருத்தப்பட்டார்.

மறு வருஷம் மாசி பிறந்ததும் நான் டின்னைக் கழுவிக் கவிழ்த்தேன், பச்சரிசி வாங்கிவைத்தேன். பெண் போன் செய்தாள்.

"அம்மா, இந்த வருஷம் வடகம் அனுப்பாதம்மா" என்றாள். எனக்குத் திக்கென்றது. "நானும் அத்தையும் சேந்து போட்டுட்டோம். ஒனக்கும் ஒரு டின் வருது."

டின் வந்தது. எண்ணெய் காய்ந்ததும் ஒன்றைப் பொரித்தேன். காதைத் தீட்டிக்கொண்டு கடித்தேன். ஒரு துளி மண் இல்லை. உப்பு மட்டும் ஒரு சிட்டிகை குறைவு. அதை அவளிடம் சொல்லவில்லை, அவரிடமும் சொல்லவில்லை. அவர் என் கைப்பக்குவம் அப்படியே பெண்ணுக்கு வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே தட்டைக் காலி செய்தார். சந்தோஷமாகத்தான் இருந்தது. வாங்கிவைத்த பச்சரிசியைப் பார்த்தபோது மட்டும் கொஞ்சம் அழுகை வந்தது.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவியவர் அலமாரியில் எதையோ துழாவினார். மிச்சமிருந்த ஊட்டி விதைப் பாக்கெட்டோடு வந்து என் பக்கத்தில் நின்றார்.

"அப்ப இந்த வருஷம் குடில் சும்மாதான கெடக்கும்?"

இடுப்புக் கொத்திலிருந்து பீரோச் சாவியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். முட்டைக்கோஸ் எப்படியும் வெந்துபோகும் என்று இரண்டு பேருக்குமே தெரியும். குளுக்கோஸ் பாட்டில் எங்கே என்று கேட்டார், எடுத்து வைத்திருந்த இடத்தைக் காட்டினேன்.